கதவைப் பார்த்த செருப்பு

ஸ்கேன் அறை வாசலில் தன் செருப்பு இல்லை என்பதைத் தையல்காரி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். பார்த்தும் நம்பவில்லை. கதவை ஒட்டி, வரிசையின் தலைமாட்டில், யாருடையதோ ஒரு கறுப்பு ஜோடி சட்டமாக உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் வார் அறுந்து ஊக்கு மாட்டியது, நீலம், பழுப்பு, குதிகால் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது என்று நடைகூடம் முழுக்கச் செருப்புகள் வளைந்து வளைந்து மாடிப்படி வரைக்கும் போயிருந்தன. அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் இருந்த இரண்டே பெஞ்சுகளில் நெருக்கியடித்துக்கொண்டும், சுவரோரம் குந்திக்கொண்டும், ஜன்னல் கட்டையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டும் இருந்தார்கள்.

"என்னக்கா, நிதானமா போலாம்னீங்க. நம்ம இடம் எங்கயும் ஓடிப்போயிடாதுன்னீங்க," என்றாள் சின்னவள்.

சின்னவள் என்பது அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே அடுப்படி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருவருக்கும் ஏட்டிக்குப் போட்டிதான். இவள் ஜன்னலைத் திறந்தால் அவள் சாத்துவாள். அவள் உப்புப் போட்டால் இவள் ருசி பார்க்காமலே இன்னொரு சிட்டிகை போடுவாள். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வா என்று யாரும் கூப்பிடாமலே காலையில் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றவள் அவள்தான். அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் டாக்டரின் நாற்காலி எத்தனை நாளாகக் காலியாக இருக்கிறது என்று அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே சரியாகத் தெரியாது. வேறு ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர், வாரத்தில் ஒரு நாள், மதியம் வரைக்கும் வந்து பார்த்துவிட்டு, அங்கிருந்து மூன்றாவது ஊருக்கு ஓடுவார். கதவருகே ஒரே ஒரு சிஸ்டர். பெயர் எழுதுவது, கூப்பிடுவது, நடக்க முடியாதவர்களைத் தாங்கிப் படுக்க வைப்பது, சத்தம் போடுகிறவர்களை அடக்குவது எல்லாம் அவள் தலையில். முன்பு மூன்று பேர் செய்த வேலை அது. வந்திருப்பவர்களோ நோயாளிகள். மணிக்கணக்கில் நிற்கச் சொன்னால் எப்படி நிற்பார்கள்? எப்படியும் உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். அதுவே வரிசையில் நிற்கட்டுமே என்று எந்தப் புண்ணியவான் முதலில் நினைத்தானோ, அன்றிலிருந்து அங்கே செருப்புதான் ஆள். செருப்பை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம், கக்கூஸ் போகலாம், பெஞ்சில் தூங்கலாம். முன்னால் இருப்பது உள்ளே போனதும் பின்னால் இருப்பவர் எழுந்து வந்து தன்னுடையதைக் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போவார். சும்மா சொல்லக் கூடாது, மின்விசிறிக்கும் பெஞ்சுக்கும் அடித்துக்கொள்ளும் அந்தக் கூட்டத்தில், அடுத்தவர் செருப்பை ஒரு விரற்கடை நகர்த்தினார் என்று யாரைப் பற்றியும் பேச்சு வந்ததில்லை.

போன வாரம் தையல்காரியின் செருப்பு கதவுக்கே வந்துவிட்டது. அடுத்தது அவள்தான். புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு எழுந்து நின்றாள். கதவு திறந்தது, டாக்டர் பையோடு வெளியே வந்தார், அப்படியே படியிறங்கிப் போய்விட்டார். "அடுத்த வாரம் வாங்கம்மா," என்றாள் சிஸ்டர். அப்படி அவள் திரும்பிப் போவது அது முதல் தடவை இல்லை. கத்திவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் சிஸ்டரின் மேஜை மேல் காலையில் வைத்த டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கத்துவது? அந்தக் கோபத்தை எங்கே கொண்டு போய் இறக்குவது என்று தெரியாமல் குனிந்து தன் செருப்பு இரண்டையும் சேர்த்து, கதவைப் பார்க்கும்படி நேராக வைத்தாள். இங்கேயே கிடக்கட்டும், அடுத்த வாரம் நான்தான் முதல் ஆள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெறுங்காலோடு கிளம்பிவிட்டாள்.

வீட்டில் அவள் புருஷன் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம், "செருப்போட நிறுத்திக்கிட்டியே, அதுவரைக்கும் சந்தோஷம்," என்றார்.

அவள் அசரவில்லை. இன்று காலையிலும் வெறுங்காலோடுதான் வந்தாள். அங்கேதான் என் ஜோடி இருக்கிறதே, வரும்போது போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள். இருட்டோடு எழுந்து ஓடவும் இல்லை. சமைத்து, சாப்பிட்டு, வெற்றிலை போடாத குறையாகக் கிளம்பி வந்தாள். இப்போது நடைகூடத்தின் நடுவில் நின்று, அந்தக் கறுப்பு ஜோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசை போனது மட்டும் இல்லை விஷயம். தையல்காரியின் கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும் வரைக்கும் அது கழுத்தில்தான். சில மாதங்களாக அந்த நாடா ஒரு பக்கம் வழுக்கி வழுக்கி விழுந்தது. நாடாதான் நைந்துவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினாள். புதியதும் விழுந்தது. ஒரு நாள் சட்டைக் காலர் ஒன்றுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தவள், என்ன தோன்றியதோ, அதே நாடாவைத் தன் கழுத்தில் சுற்றிப் பார்த்தாள். ஊரிலுள்ள பாதிக் கழுத்துகளின் அளவு அவளுக்கு மனப்பாடம். தன் கழுத்தை அவள் அளந்ததே இல்லை. கண்ணாடி முன் நின்று தடவினாள். வலது பக்கம், எச்சில் விழுங்கும்போது, உருண்டையாக ஒன்று ஏறி இறங்கியது. அன்றிலிருந்து தினமும் கதவைச் சாத்திக்கொண்டு அளக்கிறாள். ஒரு நாள் கூடினாற்போல் இருக்கும், மறுநாள் இல்லை என்று தோன்றும். ஒரு நாள் கதவைச் சாத்த மறந்தாள். சின்னவள் பார்த்துவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தையல்காரி சிஸ்டரிடம் போனாள்.

"சிஸ்டர், என் செருப்பு இங்கதான் இருந்துச்சு. போன வாரம் வச்சுட்டுப் போனேன். நான்தான் முதல்ல."

சிஸ்டர் எழுதிக்கொண்டே கேட்டாள். "போன வாரம் வச்ச செருப்பா?"

"ஆமா. கதவுக்கு நேரா."

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு பார்வை. "அம்மா, எனக்குத் தலைக்கு மேல வேலை. கடைசில போய் நில்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அதற்குள் பேச்சு வரிசை முழுக்கப் பரவிவிட்டது. கறுப்பு ஜோடியின் சொந்தக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். காக்கிச் சட்டை போட்ட பஸ் டிரைவர். ஒரு கை விலாவை அழுத்திப் பிடித்திருந்தது. அவருக்குச் சிறுநீரகத்தில் கல். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் குத்துகிறது, டூட்டி மாற்றிக்கொண்டு விடியுமுன்னே வந்திருக்கிறேன் என்று காலையிலிருந்து அவர் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

"நான் வந்தப்ப இங்க ஒரு செருப்பும் இல்ல," என்றார். "அப்படியே இருந்திருந்தாலும், செருப்புக்கா வியாதி, ஆளுக்கா? ஒரு வாரம் வீட்ல படுத்துத் தூங்கிட்டு வந்து நான்தான் முதல்லன்னா எப்படி?"

"தூங்கினாங்களா?" என்று சின்னவள் பாய்ந்தாள். வீட்டில் அவள் அப்படிப் பாய்வது தையல்காரிக்கு எதிராகத்தான் இருக்கும். "எங்க அக்கா எத்தன நாளா தூங்கலன்னு உங்களுக்குத் தெரியுமா? கழுத்துல கட்டியோட தினம் தினம் நாடாவ வச்சு அளந்துக்கிட்டு..."

"ஏய், சும்மா இருடி," என்றாள் தையல்காரி. முகம் செத்துப்போனது. வீட்டு ஆண்களிடம்கூட வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. அத்தனை பேரும் இப்போது அவள் கழுத்தைத்தான் பார்த்தார்கள். தலைப்பை இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

"இங்க யாரும் வேடிக்கை பாக்க வரலம்மா," என்றார் டிரைவர், கொஞ்சம் இறங்கிய குரலில். "எல்லாருக்கும் ஒண்ணு இருக்கு."

அப்போதுதான் மாடிப்படியிலிருந்து வாளியும் துடைப்பானுமாக அந்தப் பெண் ஏறி வந்தாள். துப்புரவு வேலைக்கு இந்த மாதம்தான் சேர்ந்திருந்தாள். இரண்டு மாடிக்கும் அவள் ஒருத்தி. கூட்டத்தின் பேச்சில் செருப்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"மெரூன் கலருங்களா? வாருல பூ தச்சது?"

"அதேதான்! நானே தச்ச பூ!"

அவள் விடுவிடுவென்று போய்த் துடைப்பான் வைக்கும் அறையைத் திறந்தாள். ஜன்னல் திட்டில், சோப்புத் தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், காகிதம் விரித்து அதன் மேல் செருப்பு ஜோடி இருந்தது. தூசு தட்டித் துடைத்திருந்தாள். "யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க பாவம்னு எடுத்து வச்சேங்க. கீழ கிடக்கறத எல்லாம் தூக்கிப் போடச் சொன்னாங்க. பூவப் பாத்துட்டுத் தூக்கிப் போட மனசு வரல." சொல்லிக்கொண்டே வந்து, யாரையும் கேட்காமல், கறுப்பு ஜோடிக்கு முன்னால் அதை வைத்தாள். நேராக, கதவைப் பார்த்து. "இப்படித்தான் இருந்துச்சு."

வரிசையில் ஆளுக்கொரு நியாயம் கிளம்பியது. வைத்தது உண்மைதானே என்றார் ஒருவர். அப்படியானால் எல்லோரும் வருஷம் முழுக்க வைத்துவிட்டுப் போகலாமே என்றாள் ஒரு அம்மாள். செருப்பு இருந்தால் போதாது, ஆளும் ஆஸ்பத்திரிக்குள் இருக்க வேண்டும் என்று கண்ணாடி போட்ட ஒருவர், ஏதோ சட்டப் புத்தகத்தில் படித்ததுபோல் சொன்னார். டிரைவர் தையல்காரியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் ஆறித் தோல் உரிந்திருந்தது.

"போன வாரம் வெறுங்காலோடயா வீட்டுக்குப் போனீங்க?"

"பின்ன?"

"ஆஸ்பத்திரி ஸ்டாப்புல, உச்சி வெயில்ல, கால மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு..."

தையல்காரிக்குச் சட்டென்று அந்தக் குரல் பிடிபட்டது. பஸ்ஸில் ஏறும்போது, டான்ஸ் ஆடாம ஏறும்மா, நேரமாச்சு என்று முன்னாலிருந்து கேட்ட குரல். பஸ்ஸே சிரித்தது. வீடு போய்ச் சேரும்வரை அந்த டிரைவரை அவள் மனதுக்குள் வைது தீர்த்திருந்தாள்.

"நீங்கதானா அது!" என்றாள்.

"நான்தான்." அவர் மீசையைத் தடவிக்கொண்டார். கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தார், கொஞ்ச நேரம் தன் கறுப்புச் செருப்பைப் பார்த்தார். "சரி, போங்க. ஒரு ஆளுதானே. நான் ரெண்டாவதாப் போறேன்."

முதல் ஆளே சரி என்றபின் மற்றவர்கள் என்ன சொல்ல? முணுமுணுப்பு அடங்கியது. சின்னவள் வெற்றியோடு அக்காவைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை. "ஊருக்கே தண்டோரா போட்டுட்டியே," என்று மட்டும் பல்லைக் கடித்தபடி சொன்னாள். ஆனால் அவள் கை சின்னவளின் கையைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

டாக்டர் வர நேரமாகிவிட்டது. வந்ததும் வராததுமாகக் கூப்பிட்டார்கள். உள்ளே குளிர். சின்னப் பையன்போல் இருந்த டாக்டருக்குக் கண் இரண்டும் வீங்கியிருந்தன. கழுத்தில் பசையைத் தடவிக் கருவியை வைத்தபோது அவள் உடம்பு தூக்கிப்போட்டது. கருவி வலது பக்கம் போனது, இடது பக்கம் போனது, திரும்ப வலது பக்கமே வந்து நின்றது. அங்கேயே நின்றது. திரையில் சாம்பலும் கறுப்புமாக ஏதோ அசைந்தது. அவள் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். துணியைக் கையில் வாங்கியதும் நல்ல துணியா மட்டமா என்று தன் முகத்திலேயே தெரிந்துவிடும் என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். இந்தப் பையன் முகத்தில் தூக்கத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"கட்டியா, டாக்டர்?"

"இருக்கும்மா. என்ன கட்டின்னு ஊசி போட்டு எடுத்துப் பாத்தாதான் தெரியும். அது வேற டாக்டர் பண்ணணும். இந்தக் கடைசி ரூம்."

"அவரு இருக்காரா?"

டாக்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டே, "போஸ்டிங் போடல இன்னும்," என்றார். அப்புறம் அவள் கேட்காததற்கும் சேர்த்துச் சொல்வதுபோல், "சீக்கிரம் போடுவாங்க," என்றார்.

அவள் எழுந்து உட்கார்ந்து பசையைத் துடைத்துக்கொண்டாள். அழத்தான் வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "நீங்க சாப்ட்டீங்களாப்பா?"

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பதில் சொல்வதற்குள் சிஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கீழே பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லையாம், உடனே பார்க்க வேண்டுமாம், அந்தப் பெண்ணை மேலே தூக்கி வர முடியாதாம். டாக்டர் ஒரு நொடி யோசித்துவிட்டு மெஷினின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

மெஷினுக்குச் சக்கரம் உண்டு. தள்ளத்தான் ஆள் இல்லை. சிஸ்டர் ஒரு பக்கம், வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்த துப்புரவுப் பெண் ஒரு பக்கம். வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டது. நடைகூடம் முழுக்கச் செருப்பு. சிஸ்டர் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. எல்லோரும் எழுந்து வந்து அவரவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். டிரைவர் தன் கறுப்பு ஜோடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் விலாவைப் பிடித்தபடி, இன்னொரு கையால் மெஷினைத் தள்ளிக்கொண்டே லிப்ட் வரைக்கும் போனார். அது போனதும் செருப்புகள் எந்தச் சத்தமும் இல்லாமல் பழைய இடத்துக்கு வந்தன. யார் முன்னால், யார் பின்னால் என்று ஒருவரும் கேட்கவில்லை. டிரைவர் திரும்பி வந்து தன்னுடையதைக் கதவருகே வைத்தார்.

வெகுநேரம் கழித்துச் சிஸ்டர் மட்டும் வந்தாள். புடவையில் ரத்தம் பட்டிருந்தது. தாயும் குழந்தையும் பிழைத்துக்கொண்டார்கள் என்றாள். எல்லோரும் மூச்சு விட்டார்கள். டாக்டர் அங்கிருந்தபடியே அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார், அடுத்த வாரம் வாருங்கள் என்றாள். அதற்கு யாரும் மூச்சு விடவில்லை. சிஸ்டர் மேஜையில் உட்கார்ந்து ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

அன்றைக்கு உள்ளே போய் வந்தது ஒரே ஒரு ஆள். தையல்காரிக்குத் தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. டிரைவரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, என்னாலதான..."

"விடுங்கம்மா," என்றார் அவர். வலியில் முகம் வேர்த்திருந்தது. "நான் போயிருந்தா இப்ப நீங்க இப்படி நின்னுக்கிட்டிருப்பீங்க. யாரோ ஒருத்தர் நிக்க வேண்டியதாப் போச்சு."

சொல்லிவிட்டுக் குனிய முடியாமல் குனிந்தார். கறுப்பு ஜோடியை எடுத்து மாட்டிக்கொள்வார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் அதைச் சேர்த்து, கதவைப் பார்க்கும்படி நேராக வைத்தார். நிமிர்ந்து துப்புரவுப் பெண்ணைப் பார்த்து, "எடுத்து வச்சிடாதம்மா," என்றார். பிறகு வெறுங்காலோடு, ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, படியிறங்கிப் போனார்.

அவருக்குப் பின்னால் இருந்த ஊக்கு மாட்டிய செருப்புக்காரி கொஞ்சம் யோசித்தாள். அவளும் எடுக்கவில்லை. அதற்கப்புறம் யாரும் யோசிக்கவே இல்லை, செருப்பை விட்டுவிட்டு இறங்கினார்கள். சட்டம் பேசிய கண்ணாடிக்காரர் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு பாதிப் படி இறங்கி, முனகிக்கொண்டே திரும்பி வந்து, தன் இடத்தில் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

தையல்காரி தன் பூப்போட்ட ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டு நடைகூடத்தின் கடைசிக்குப் போனாள். கடைசி அறையில் பூட்டு தொங்கியது. பூட்டின் மேல் தூசு. கதவிலிருந்த பெயர்ப்பலகையில் பெயர் இருந்த இடம் சுரண்டப்பட்டிருந்தது. அதன் முன்னால் செருப்பை வைத்தாள்.

"அக்கா, அங்க டாக்டரே இல்லீங்களே," என்றாள் துப்புரவுப் பெண்.

"வருவாருல்ல? வரும்போது நான்தான் முதல்ல."

ஏட்டிக்குப் போட்டியாக ஏதாவது சொல்வாள் என்று சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீயாவது போட்டுக்கிட்டு வாயேன்டி. தார் ரோடு கொதிக்கும்."

"கொதிச்சாக் கொதிக்கட்டும், வாங்க."

படி திரும்புமிடத்தில் தையல்காரி நின்று பார்த்தாள். ஆளில்லாத நடைகூடத்தில் அந்தப் பெண் தரை துடைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு ஜோடியாகத் தூக்கி, அடியில் ஈரத்துணியை ஓட்டி, தூக்கிய இடத்திலேயே திரும்ப வைத்தாள். ஸ்கேன் அறையைத் தாண்டி, காலி பெஞ்சுகளைத் தாண்டி, பூட்டிய கதவுக்கு வந்தாள். அங்கே குந்தி உட்கார்ந்து பூப்போட்ட செருப்பை எடுத்தாள். தரையைத் துடைத்தாள். ஈரம் காயும்வரை செருப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்துவிட்டு, கதவைப் பார்த்து நேராக வைத்தாள்.